சக்தி இருக்கு, ஊர் எங்கே?

போன மார்கழியில் ராஜபாளையம் போயிருந்தபோது அக்கா மகள் தன் மொபைலை என் கையில் கொடுத்து, “மாமா, இதப் படிச்சுப் பாத்து நல்லாருக்கான்னு சொல்லுங்க” என்றாள். கல்லூரியில் முதல் வருடம். அவளும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு ஜப்பானிய அனிமே உலகத்துக்குள் ரோல்பிளே ஆடுகிறார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எல்லோருக்கும் பிடித்த ஒரு கதையுலகை எடுத்துக்கொள்வது, ஆளுக்கொரு புதுப் பாத்திரத்தை உருவாக்குவது, அந்தப் பாத்திரமாகவே மாறி மாறி எழுதிக் கதையை நகர்த்துவது. உள்ளே வருவதற்கு முன்னால் உங்கள் பாத்திரம் யார், அதற்கு என்னென்ன சக்தி, எந்த உலகத்தில் பிறந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவள் எழுதியதில் பதினேழு சக்திகள் இருந்தன. நெருப்பை ஆள்வாள், காலத்தை நிறுத்துவாள், அடுத்தவர் மனதைப் படிப்பாள், காயம் பட்டால் தானே ஆறிவிடும். பிறந்த உலகத்துக்கு ஒரே வரி: அழிந்துபோன ஒரு கிரகம்.

“அந்தக் கிரகத்துல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?” என்று கேட்டேன்.

“மாமா, அது கிரகம்!”

“கிரகம்னா தண்ணி வேண்டாமா?”

மொபைலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேலியாகக் கேட்டதுதான். ஆனால் கேட்ட பிறகு எனக்கே உறுத்தியது. இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பேர் இப்படி ஒரு கதை ஆடினோம். என் ஆள் பனிமலைகளுக்கு நடுவே பிறந்தவன். நான் அதுவரை ஃப்ரிட்ஜுக்கு வெளியே பனியைப் பார்த்ததில்லை. அவனுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, ஊர் எரிந்துவிட்டது. ஏன் எரித்தேன் என்று இப்போது யோசித்தால் பதில் எளிது. ஊர் இருந்தால் அதைப் பற்றி எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஊர் ராஜபாளையம். ராஜபாளையம் என்றால் நாய், மாம்பழம், மில்லு. அதிலிருந்து ஒரு மாவீரன் எப்படி வருவான்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. நம் பிள்ளைகள் ஆடும் கதைகளில் எல்லோருக்கும் சக்தி இருக்கிறது, ஒருத்தருக்கும் ஊர் இல்லை. இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் இதை வெட்கம் என்கிறேன்.

“பெரிய ஆட்களே அப்படித்தானே செய்தார்கள், சூப்பர்மேனின் கிரகமும் அழிந்ததுதானே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அவன் வந்தபோது ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் அவன் பலத்துக்கு விளக்கம் கொடுத்தார்கள். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்குகிறது, வெட்டுக்கிளி தன் உடம்பின் அளவோடு பார்த்தால் பெருந்தூரம் தாவுகிறது. அவன் பிறந்த கிரகத்தில் எல்லோருக்குமே உடம்பு அப்படித்தான். அங்கே அவன் சாதாரண ஆள். பின்னால் வந்தவர்கள் ஈர்ப்பு விசை என்றார்கள், சூரியனின் நிறம் என்றார்கள். விளக்கம் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் காரணம் ஊரிலிருந்துதான் வந்தது. அவனைச் சாய்க்கிற கிரிப்டோனைட்டும் அந்த ஊரின் கல்தான். பலமும் ஊர், பலவீனமும் ஊர். சீகல், ஷுஸ்டர் இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். விட்டு வந்த ஊர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அவர்கள் வீட்டிலேயே தெரிந்த விஷயம். என் அக்கா மகளின் கிரகமோ பதினேழு சக்திகளையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் வெடித்துப் போய்விட்டது.

சாயங்காலம் அவளே திரும்பி வந்தாள். உண்மையான பிரச்சினை அப்போதுதான் தெரிந்தது. “யாரும் என்கூட சீன் போட வர மாட்டேங்குறாங்க மாமா.” பிறகு எப்படி வருவார்கள்? பதினேழு சக்தி உள்ளவளுக்கு அடுத்தவர் எதற்கு? அவளுக்குப் பசிக்காது, வலிக்காது, அவள் யாருக்கும் கடன்பட்டவள் இல்லை. கதையில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நிஜத்திலும் ஒரு வாரமாக அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தெருக் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பித்தது. அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திட்டினாள். எனக்கோ சுரீரென்றது. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று அந்த ஊர்ப்பெண் ஒருத்தி ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்பே முப்பது பாட்டில் எழுதி வைத்துவிட்டாள். நாம் அதைப் போர்வைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

திருப்பாவைக்கு உரை எழுதிய வைணவ ஆசாரியர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆண்டாள் தன்னை ஆயர்குலப் பெண்ணாகப் பாவித்தாள். தோழிகள் ஆயர் சிறுமிகள். வில்லிபுத்தூர் ஆயர்பாடி. வடபத்ரசாயி கோயில் நந்தகோபர் வீடு. உள்ளே பள்ளிகொண்டவன் கண்ணன். நடை, பேச்சு, கொண்டை எல்லாம் இடைச்சியாகவே மாறி, கடைசியில் அவள் உடம்பிலேயே பால், தயிர் வாடை வீசியது என்பது வரை போகிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் அநுகாரம்.

கவனியுங்கள். அவள் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. கதையின் உலகத்தைத் தன் தெருவுக்கு இழுத்து வந்தாள். மூன்றாவது பாட்டில் ஆயர்பாடியில் நெல் ஓங்கி வளர்கிறது, வயல் தண்ணீரில் கயல் துள்ளுகிறது. இடையர் சேரியில் எதற்கு இவ்வளவு நெல்வயல்? என் வாசிப்பில் அது மலையடிவாரத்துக் கண்மாய்ப் பாசன பூமி. அவள் தினம் பார்த்த நிலம்.

சக்தியைப் பற்றிப் பேசும் முன் அவள் விதியைப் பேசுகிறாள். இரண்டாவது பாட்டிலேயே நோன்பின் கட்டுப்பாடுகள் வந்துவிடுகின்றன. நெய் கிடையாது, பால் கிடையாது. விடியுமுன் குளியல். மை தீட்டக் கூடாது, பூ முடிக்கக் கூடாது. இதில் முதலில் போவது நெய்யும் பாலும். பால் தரையில் ஓடி வீட்டைச் சேறாக்குகிற ஊரில் எதை விட்டால் உறைக்குமோ அதை விடச் சொல்கிறாள். விலை அந்த ஊரின் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. இருபத்தேழாவது பாட்டில் நோன்பு முடிந்து, கை முட்டி வரை நெய் ஒழுகும் பால்சோறு வரும்போது அந்த நெய்க்கு ருசி எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்று உண்டு. பூ முடிக்க மாட்டோம் என்பது ஆயர் சிறுமிகளுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். சொல்பவள் யார்? நந்தவனம் வைத்து மாலை கட்டிய பெரியாழ்வாரின் மகள். கோதை என்ற பெயருக்கே மாலை என்று ஒரு பொருள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தான் சூடிப் பார்த்தவள் என்று ஊர் இன்றும் சொல்கிறது. ஆடுகிறவள் தனக்கு எது வலிக்குமோ அதைப் பாத்திரத்தின் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

அடுத்து என் அக்கா மகளின் பிரச்சினைக்கு வருவோம். ஆறாவது பாட்டிலிருந்து பதினைந்தாவது பாட்டு வரை பத்து வீட்டு வாசலில் நின்று பத்துப் பெண்களை எழுப்புகிறாள். ஒருத்தி கும்பகர்ணனிடம் தூக்கத்தைப் பரிசாக வாங்கியவள். ஒருத்தியின் அம்மாவிடமே, உங்கள் மகள் என்ன ஊமையா, செவிடா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொருத்தி நான் வந்து உங்களை எழுப்புகிறேன் என்று வாய்ச்சவடால் விட்டவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. பதினைந்தாவது பாட்டில் உள்ளே படுத்திருப்பவளும் திருப்பிப் பேச, பாட்டே வாய்ச்சண்டையாகிறது. தனியாகப் போய்க் கண்ணனைப் பார்த்திருக்கலாமே? அவள் கட்டிய உலகத்தில் தனியாகப் போக முடியாது. எல்லோருக்கும் சேர்த்துத்தான் பறை கேட்கிறாள். பத்துப் பேருக்கும் குணம் கொடுத்திருக்கிறாள், ஒருத்திக்கும் சக்தி கொடுக்கவில்லை. சக்தியெல்லாம் கண்ணனிடம். அதையும் அவள் பட்டியலாகக் குவிக்கவில்லை. இருபத்து நான்காவது பாட்டில் உலகை அளந்தது, சகடத்தை உதைத்தது, குன்றைக் குடையாகப் பிடித்தது என்று அவன் செய்தவைதான் வருகின்றன. ஒவ்வொரு பலமும் யாருக்கோ எப்போதோ பயன்பட்ட பலம்.

முப்பதாவது பாட்டில் வேஷத்தைக் கழற்றி வைக்கிறாள். பட்டர்பிரான் மகள் கோதை, ஊர் புதுவை என்று தன் பெயரில் கையெழுத்துப் போட்டு முடிக்கிறாள். பாத்திரம் எங்கே முடிகிறது, தான் எங்கே தொடங்குகிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதற்கு மூன்று பக்கமிருந்தும் அடி விழும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் பக்தர்கள். ஆண்டாளை விளையாட்டோடு ஒப்பிடுவதா என்பார்கள். அநுகாரம் என் வார்த்தை இல்லை, உரையாசிரியர்களுடையது. பாகவதத்தில் கண்ணன் மறைந்தபோது கோபியர் அவனாகவே நடித்துத் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். பெரியாழ்வார் யசோதையாக மாறித் தாலாட்டினார். வில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. முத்துக்குறி என்ற பகுதியில் ஒரே அரையர் மகளாகவும் தாயாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி வருவார். வேறொருவராக மாறிப் பார்ப்பது இந்த மண்ணில் குறைவான செயலாக இருந்ததே இல்லை.

அடுத்து இலக்கிய அண்ணன்கள். அடுத்தவன் உலகத்தில் ஏறி ஆடுவது இலக்கியமா என்பார்கள். கண்ணனை ஆண்டாளா கண்டுபிடித்தாள்? ராமனைக் கம்பனா? 2018 ஜனவரியில் இதே ராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசிய உரை தமிழ்நாடு முழுக்கச் சண்டையானது. ஆண்டாள் யார் என்று அத்தனை நாள் கத்தினோம். அவள் கட்டிய உலகம் எப்படி நிற்கிறது, அதற்குள் மற்றவர் நுழைய வாசலை எங்கே வைத்தாள் என்று அந்தச் சத்தத்தில் எத்தனை பேர் பேசினோம்? அதைப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் ரோல்பிளே ஆடும் இந்தப் பிள்ளைகள்தான். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில் பத்து பாசுரத்தை எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவது ஆடுகிற பிள்ளைகளே. “எங்க ஊர் போர் மாமா. அதுல இருந்து தப்பிக்கத்தான இதுக்குள்ள வாரோம்?” இதற்கு என்னிடம் இருப்பது பெரியம்மாதான்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கே நெய்வது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயத்தில் சுற்றுவார்களே, அது. ஊரெங்கும் யார் யாருக்கோ படப்போகும் காயத்துக்கு முன்கூட்டியே துணி நெய்து வைக்கிற ஊர். இதை ஒரு ஜப்பானியக் கதையில் வாசித்திருந்தால் ஆகா என்றிருப்போம். பெரியம்மா அங்கே இருபது வருடம் தறியில் நின்றார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே உள்ளவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். கல்யாண மண்டபத்தில் எதிர்க் கோடியில் சம்பந்திகள் முணுமுணுப்பதைப் பெரியம்மா இங்கே உட்கார்ந்து வரி விடாமல் சொல்வார். சொந்தக்காரப் பெண்கள் அவரைப் பார்த்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்கு அவர் கொடுத்த விலை காது. இப்போது பேரப்பிள்ளை அழுதால் அதன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். இருட்டில் அவரிடம் யாரும் பேச முடியாது.

சக்தி, அது வந்த காரணம், அதன் விலை, அது வேலை செய்யாத இடம். நான்கும் ஒரே தறிக்கூடத்திலிருந்து வந்திருக்கின்றன. பனிமலையில் பிறந்த என் மாவீரனிடம் இதில் ஒன்றுகூட இல்லை. அவனை எழுதிக்கொண்டிருந்த வருடங்களில் பெரியம்மா தறியில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் படவில்லை. நான் வெட்கம் என்று சொன்னது இதைத்தான்.

எல்லோரும் தறிக்கூடத்தை எழுதுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேற்றுக் கிரகமே இருக்கட்டும். பிராண்டே வீட்டுப் பிள்ளைகள் 1826இல் அப்பா வாங்கி வந்த மர பொம்மைகளுக்குப் பெயர் வைத்து ஆட ஆரம்பித்தார்கள். சார்லட் தன் பொம்மைக்கு வைத்த பெயர் வெலிங்டன் பிரபு, பிரான்வெல் வைத்தது போனபார்ட். அதில் தொடங்கி, எமிலியும் ஆனும் பசிபிக் கடலில் கோண்டால் என்று ஒரு தீவையே உண்டாக்கினார்கள். கடல் எங்கேயோ இருந்தாலும் தீவில் அடித்த காற்று அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த யார்க்‌ஷயர் மேட்டுவெளியின் காற்று. உங்கள் கிரகத்துக்கும் உங்களுக்குத் தெரிந்த ஒரு காற்று வேண்டும். அங்கே என்ன சமைக்கிறார்கள், யார் யாரிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள், எதை விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கு உறைக்கும் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் கொடுக்கும் சக்தி வெறும் லிஸ்ட்.

நான் கிளம்பும் அன்று அக்கா மகள் திரும்பவும் மொபைலை நீட்டினாள். பதினேழு சக்தி நான்காகக் குறைந்திருந்தது. காலத்தை நிறுத்துவதை மட்டும் விட மாட்டேன் என்றாள், சரி, இருக்கட்டும். கிரகம் இன்னும் அழிந்துதான் கிடந்தது. ஆனால் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: அழிவதற்கு முந்தைய நாள் அங்கே தண்ணீர் வரும் முறை, எல்லோரும் குடத்தோடு வாசலில் நின்றிருந்தார்கள்.

அன்று ராத்திரியே மூன்று பேர் அந்த வரிசையில் வந்து நின்றார்களாம்.