பீடித் துண்டு மீது பழி வேண்டாம்: நிலக்கரி தானாகவும் பற்றும்!

நிலக்கரிக் குவியலில் புகை கிளம்பினால், "எவனோ பீடித் துண்டைப் போட்டிருப்பான்" என்பதுதான் முதல் பேச்சு. பழி காவலாளி தலையில் விழும். ஆனால் நிலக்கரிக்குத் தீக்குச்சியே வேண்டாம்!

காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியோடு சேரும்போது லேசாகச் சூடு பிறக்கிறது. பரப்பிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். மலை மாதிரி குவித்தால் உள்ளேயே தங்கும். 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அப்புறம் பிடித்து நிறுத்துவது கஷ்டம். ஜாரியா சுரங்கத்தில் 1916-ல் கண்டுபிடித்த தீ இன்றும் அணையவில்லை. நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோ இன்னும் சீக்கிரம் பற்றுகிற ஜாதி.

எந்தக் கரி ஆபத்து என்று அறிய ஆய்வுக்கூடச் சோதனை உண்டு. சாம்பிளை உலையில் வைத்து, ஆக்சிஜன் செலுத்திச் சூடேற்றுவார்கள். எந்த டிகிரியில் கரியின் சூடு உலைச் சூட்டை முந்துகிறது என்று பார்ப்பார்கள். 120 முதல் 140-க்குள் முந்தினால் ஆபத்தான கரி. 160-க்கு மேலே என்றால் பயம் குறைவு.

ஆனால் இந்தச் சான்றிதழை மட்டும் நம்பி உட்கார முடியாது. நல்ல கரியானாலும் தூளாக வாங்கி, உயரமாகக் கொட்டி, மாதக்கணக்கில் போட்டு வைத்தால் வம்புதான். (கோக் கரிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது.) "மழையில் நனைந்த கரி எப்படி சார் பற்றும்?" என்பார்கள். காய்ந்த கரி ஈரத்தை உறிஞ்சும்போதும் சூடு பிறக்கும்!

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, ஆவடி, பூந்தமல்லிப் பக்கமோ பாய்லருக்குக் கரி இறக்கி வைத்திருக்கும் முதலாளிகளுக்குப் பெரிய செலவில்லை. அடி மூடிய இரும்புக் குழாய்களைக் குவியலில் நான்கைந்து இடத்தில் இறக்கி, கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி விட்டுத் தினமும் நோட்டில் எழுதினால் போதும். நாளுக்கு நாள் சூடு ஏறுகிறதா, அதுதான் கேள்வி. 50-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அந்தப் பகுதியை எடுத்துப் பரப்பி ஆற வையுங்கள். பழைய கரியை முதலில் எரியுங்கள்.

லைசென்ஸ் புதுப்பிக்க வரும் அதிகாரிகள் மணல் வாளியோடு இந்த நோட்டையும் கேட்க வேண்டும்.

புகை வந்த பிறகு மண்வெட்டியோடு ஆளைக் குவியல் மேல் ஏற்றுகிறார்களே, அது மகா கொடுமை. உள்ளே எரிந்து பள்ளமாகியிருக்கும். கால் வைத்தால் இறங்கும். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வேறு! ஓரத்திலிருந்து இயந்திரத்தால்தான் வாரி எடுக்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கு 101.