சைலன்சருக்குப் போன பணம்

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே சிக்கிக்கொண்ட பேட்டை ஜோகுபாளையம். ஒரு பக்கம் பழைய மெட்ராஸ் ரோடு, மறுபக்கம் கேம்பிரிட்ஜ் லேஅவுட். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் சந்துகள். சில சந்துகளில் கார் நுழைந்தால் எதிரே வருபவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே இங்கே குடும்ப வாகனம் என்றால் இரண்டு சக்கரம்தான். அதிலும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. திங்கள் முதல் சனி வரை ஆபீஸ், பள்ளிக்கூடம், தண்ணீர் கேன். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை, பொங்கலுக்கு வேலூர்ப் பக்கம் சொந்த ஊர் என்று கிளம்பினால் அதே வண்டியில் சுமார் 200 கி.மீ.

தயாரிப்பாளர்கள் இந்த இரண்டு வேலைகளுக்கும் தனித்தனி வண்டி விற்கிறார்கள். இரண்டு வாங்க வசதி இல்லாதவர் இருக்கும் ஒன்றையே மாற்றிக்கொள்ளப் பட்டறைக்குப் போகிறார். கேரியர், பெட்டி, அகல டயர், உயரமான ஹேண்டில்பார், கூடுதல் விளக்கு, வேறு சைலன்சர். மாற்றுவதில் தப்பில்லை. பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதுதான் கேள்வி. அநேகமாகத் தலைகீழ் வரிசையில். முதலில் சத்தம், அடுத்து அழகு, மிச்சம் இருந்தால் டயர். பின்னால் உட்காருபவர் கணக்கிலேயே வருவதில்லை.

இந்த மோகம் பெங்களூருக்குப் புதிதல்ல. மூன்று தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. சென்னையில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட். மைசூரில் 1961 முதல் ஜாவா. ஓசூரில் 1980 முதல் டி.வி.எஸ். மொபெட். ஜாவாவும் அதன் வாரிசான யெஸ்டியும் 1996-இல் மைசூர் ஆலை மூடப்பட்டதோடு நின்றுபோயின. (2018-இலும் 2022-இலும் புது நிறுவனம் ஒன்று இந்தப் பெயர்களை மீட்டுக் கொண்டுவந்தது வேறு கதை.) கிக் லீவரையே முன்பக்கம் திருப்பினால் கியர் லீவராகிவிடும் அந்தப் பழைய வண்டிகளைப் பொத்திப் பாதுகாப்பவர்கள் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒன்றுகூடி ஊர்வலம் போவது பெங்களூரில் வழக்கமாகிவிட்டது.

அதே 1996-இல் நின்ற இன்னொரு வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. 98 சி.சி. இன்ஜினிலிருந்து 11 குதிரைசக்தி. எடையோ நூறு கிலோ சொச்சம்தான். இன்றைய 97 சி.சி. ஸ்ப்ளெண்டர் தருவது சுமார் 8. இளைஞர்கள் இன்றும் இதைத் தேடி அலைவதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த பையன் அரை மணியில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிடுவான். சிலிண்டரின் துளைகளைக் குடைந்து பெரிதாக்குவது, பெரிய கார்புரேட்டர் மாட்டுவது, ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டிக் குறைப்பது என்று மாற்றும் வித்தை இங்கிருந்துதான் பிறந்தது. பிக்-அப் கூடும், உண்மைதான். மைலேஜ் இறங்கும். வெயிலில் 60 கி.மீ. விடாமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் அபாயமும் கூடவே வரும். தெருமுனையில் சீறுவதற்குச் செய்த மாற்றம் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குச் செய்த மாற்றம் அல்ல.

சைலன்சர் விஷயம் இன்னும் வேடிக்கை. சத்தம் கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் வெறும் புகைபோக்கி அல்ல. அதன் வயிறு உப்பி மறுபடி குறுகும் வடிவத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. வெளியே ஓடிய அழுத்த அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. உள்குழலை வெட்டி எறிந்தாலோ கண்ட குழாயை மாட்டினாலோ அந்த இசைவு கெடுகிறது. பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. ஏப்ரல் 2020 முதல் பி.எஸ்.-6 விதிப்படி வரும் வண்டிகளில் கதையே வேறு: புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, அது சொல்வதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது, பக்கத்திலேயே நச்சு வாயுவை மாற்றும் கேடலிடிக் கன்வெர்ட்டர். குழாயைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் இரண்டும் குழம்புகின்றன.

புல்லட்டின் கம்பீரமான ‘டும் டும்’கூடச் சைலன்சரில் பிறந்ததல்ல. பழைய 346 சி.சி. புல்லட்டின் பிஸ்டன் விட்டம் 70 மி.மீ.; அது ஏறி இறங்கும் தூரமோ 90 மி.மீ. நீண்ட தூரம் நிதானமாக ஏறி இறங்கும் ஒற்றைப் பிஸ்டனின் தாளம் அது. அதைக் காதைக் கிழிக்கும் வெடியாக்கித் தருவதற்குத்தான் பணம் போகிறது.

கேட்பவர்கள் கதி? 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாராகி வெளிவரும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. 80 முதல் 175 சி.சி. வரை 77. காதுக்கு 10 டெசிபல் கூடினாலே சத்தம் இரட்டிப்பானதுபோல் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி இருக்கவேண்டிய அளவு 45 டெசிபல். ஜோகுபாளையம் போன்ற இடத்தில் ஜன்னலுக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது நாலைந்து அடி. ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர், தொட்டில் குழந்தை, இதய நோயாளி எல்லோரும் அந்த நாலடிக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி இதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் முடக்கம். மாட்டிக்கொண்டால்தானே என்பது வேறு விஷயம்.

சரி, இரண்டு வேலைக்கும் எந்த வண்டி தேவலை? டாங்க்கிலிருந்து தொடங்கலாம். ஆக்டிவா ஸ்கூட்டரின் டாங்க் 5.3 லிட்டர். லிட்டருக்கு 45 கி.மீ. என்று வைத்தால் 240 கி.மீ.யில் காலி. திருவண்ணாமலைவரை தாங்கும், சுமார் 350 கி.மீ. தள்ளியுள்ள சென்னைக்கு நடுவழியில் நிரப்ப வேண்டும். ஸ்ப்ளெண்டரில் 9.8 லிட்டர், 60 கி.மீ. கணக்கில் 580-ஐத் தாண்டும். இன்றைய புல்லட் 350-இல் 13 லிட்டர், 35 கி.மீ. கிடைத்தால் 450 சொச்சம். ஆனால் அதன் எடை 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112, ஆக்டிவா அதற்கும் கொஞ்சம் குறைவு. டிரினிடி சர்க்கிள் சிக்னலில் தினம் இருபது முறை கால் ஊன்றி நிற்பவருக்கு அந்த 80 கிலோ வித்தியாசம் முழங்காலில் தெரியும். பழைய புல்லட் வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் பழகிய கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும்.

ஸ்கூட்டரைத் தூரப் பயணக்காரர்கள் இளக்காரமாகப் பார்ப்பது நியாயமில்லை. காலடியில் அரிசி மூட்டை வைக்கலாம், சேலையோடு ஓட்டலாம், கியர் தொல்லை இல்லை. சாய்த்துச் சாய்த்து உதைத்துக் கிளப்பிய சேத்தக் காலத்திலேயே குடும்பம் குடும்பமாக ஊர் போய்வந்த ஜனம்தானே இது. பலவீனம் இரண்டு. ஒன்று சக்கரம்: பின்னால் 10 அங்குலம்தான். 18 அங்குலச் சக்கரம் தாண்டிப் போகும் குழியில் இது இறங்கி ஏறும். இரண்டாவது, மலை இறக்கம். ஏலகிரிக்குப் போகும் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இறங்கும்போது அந்தப் பெயர்களை ரசிக்க வேண்டுமானால் பிரேக் சூடாகாமல் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு. வேகம் மிகவும் தணிந்தால் கிளட்ச் தானாக விடுபட்டு அதுவும் போய்விடும். பாரம் முழுக்க பிரேக் ஷூ தலையில். விடாமல் அழுத்திக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டுப் பிடித்து, பாதியில் ஒரு டீ குடித்து இறங்குவதே வழி.

ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் செலவு செய்ய வேண்டிய முதல் இடம் டயர். அகலமான டயர் அல்ல. அதே அளவில் நல்ல டயர். அளவு மீறி அகலமானதை மாட்டினால் வண்டி திரும்பச் சோம்பேறித்தனம் காட்டும், மைலேஜ் குறையும், சில வண்டிகளில் செயின் உரசும். இருவர் ஏறிச் சாமானும் ஏற்றினால் பின்சக்கரத்துக்குக் காற்று எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது, புரட்டுபவர்தான் இல்லை. அடுத்தது பிரேக் ஷூ, பிறகு விளக்கு. 35 வாட்டுக்கு இழுத்த வயரிங்கில் ரிலே இல்லாமல் 100 வாட் பல்பைப் போட்டால் வயர் உருகும். எதிரே வரும் லாரி டிரைவருக்கும் கண் கூசும். அவர் பாதை தவறினால் யாருக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டி விஷயத்தில் எளிய விதி: கனமான சாமான் பக்கவாட்டில், தாழ்வாக. பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உயரத்தில் பெட்டியை மாட்டி அதில் வெங்கல விளக்கையும் தேங்காயையும் நிரப்பினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

இனி அந்தப் பின்சீட். மத்திய மோட்டார் வாகன விதி 123 ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் மூன்று பொருளைக் கட்டாயமாக்குகிறது: பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு. அந்தத் தடுப்புதான் சாரி கார்டு. பட்டறைக்கு வரும் வண்டிகளில் முதலில் கழற்றப்படுவது அதுவேதான், ‘லுக்’ கெடுகிறதாம். கைப்பிடியும் அடுத்ததாகப் போகிறது. சீட்டின் வால்பகுதி ஒல்லியாகி மேல்நோக்கித் தூக்குகிறது. ஓட்டுகிற மகனுக்கு அது பந்தய வண்டி. பின்னால் ஒருபக்கமாக உட்காரும் அம்மாவுக்குப் பிடிக்க இருப்பது மகனின் சட்டை மட்டும். சக்கரத்துக்கும் முந்தானைக்கும் நடுவே எதுவும் இல்லை. முந்தானையோ துப்பட்டாவோ ஆரக்கம்பியில் சிக்கினால் நொடியில் கழுத்தை இறுக்கும் அல்லது ஆளையே கீழே இழுக்கும். சில நூறு ரூபாய் இரும்புக் கம்பி தடுக்கக்கூடிய விபத்து அது. கர்நாடகத்தில் 2016 முதல் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேற்படாத வேகம் என்று 2023-இல் மத்திய விதி அமலுக்கு வந்தது. சைலன்சருக்கு மூவாயிரம் கொடுப்பவர் இந்தப் பட்டைக்குப் பேரம் பேசுகிறார்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதைத் திட்டவட்டமாக உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. இன்ஜினை மாற்றுவது இதில் அடங்கும் என்பதில் சந்தேகமில்லை. கேரியரும் மெத்தென்ற சீட்டும் எந்தப் பக்கம் என்பது சாலையில் நிறுத்துபவரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த பெரிய மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது எழுந்து நிற்கும். வெல்டிங் வைக்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சட்டம் மனமுவந்து அனுமதிக்கும் மாற்றம் ஒன்று உண்டு. உடல் ஊனமுற்றவர் தன் வண்டியைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற வேண்டும். ஸ்கூட்டரின் பின்னால் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்துவது இந்த வகை. தமிழ்நாட்டில் அரசே இப்படிச் சக்கரம் இணைத்த ஸ்கூட்டர்களை இலவசமாக வழங்குகிறது. கால் ஊன்ற முடியாதவருக்கு அந்த இரண்டு சிறு சக்கரங்கள் வேலைக்கும் சந்தைக்கும் மற்றவர் கையை எதிர்பார்க்காமல் போகும் வழி. பட்டறைக்காரருக்கு இதில் கவனம் நிறைய வேண்டும்: இரண்டு சக்கரமும் தரையை ஒரே மட்டத்தில் தொட வேண்டும், வளைவில் வேகம் கூடினால் வண்டி சாயாமல் கவிழப் பார்க்கும் என்பதை ஓட்டுபவருக்குச் சொல்லிப் பழக்க வேண்டும், பிரேக்கின் பிடிப்பைக் கூடுதல் எடைக்கு ஏற்பச் சரிபார்க்க வேண்டும். அகலம் கூடிவிடுவதால் ஜோகுபாளையம் சந்துகளில் நிறுத்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.