மரத்திற்குப் பெயர் உண்டு, அந்த மனிதருக்கு?

அடிமை ஒழிப்பு என்றதும் எங்களிற் பலருக்கு நினைவு வருபவர்கள் ஆபிரகாம் லிங்கனும் வில்பர்போஸும்தான். ஒருவர் ஜனாதிபதி, மற்றவர் பாராளுமன்ற உறுப்பினர். அநீதியைத் தடுக்கப் பெரிய பதவி வேண்டும் என்ற எண்ணம் இதனால் எங்களை அறியாமலே மனதில் பதிந்துவிடுகிறது. நான் அதை ஏற்பதில்லை. மரக்கன்று விற்ற ஒரு குடும்பத்தை முன்வைத்தே இதைச் சொல்கிறேன்.

நியூயோர்க் நகரின் ஒரு பகுதியான ஃபிளஷிங், 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த சிற்றூர். குவேக்கர் எனப்பட்ட கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடமளிக்கக்கூடாது என்று ஆளுநர் ஸ்டைவசன்ட் கட்டளையிட்டார். 1657 டிசெம்பர் 27 இல் அவ்வூரார் சுமார் 30 பேர் அதனை எதிர்த்து மனு எழுதினார்கள். அவர்கள் குவேக்கர்கள் அல்லர், அயலவர்கள். அன்பும் சமாதானமும் சுதந்திரமும் யூதருக்கும் துருக்கியருக்கும் எகிப்தியருக்கும்கூட உரியவை என்று அந்த மனு கூறுகிறது. அன்றைய ஐரோப்பியர் 'துருக்கியர்' என்றால் பெரும்பாலும் முஸ்லிம்களையே குறிப்பிட்டனர். எங்களையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்!

1662 இல், தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட விட்டதற்காக ஜோன் பௌன் என்பவர் கைதாகி நாடுகடத்தப்பட்டார். ஒல்லாந்துக்கே போய் வழக்காடி வென்று திரும்பினார். அவருடைய வழித்தோன்றலான மேரி பௌனை மணந்தவர்தான் குவேக்கர் போதகர் சாமுவேல் பார்சன்ஸ். தன் பிள்ளைகளுக்காக அவர் 1838 இல் நாற்றுப்பண்ணை ஒன்றைத் தொடங்கினார். மகன்மார் அதனை வளர்த்தார்கள். நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவிற்குக்கூட அங்கிருந்து மரங்கள் சென்றன.

குவேக்கர்கள் எல்லோரும் மலக்குகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் அவர்களிற் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அதைத் தவறென்று 1688 இலேயே பென்சில்வேனியாவில் சிலர் எழுதிக் கொடுத்தும், பிலடெல்பியாவின் குவேக்கர் சபை தன் அங்கத்தவர்களுக்கு அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்தது 1776 இல்தான். அதன் பின்னரும் சில வழிபாட்டு மண்டபங்களில் கறுப்பின மக்களுக்கு வேறு வாங்கு. சபை திருந்தும்வரை காத்திராமல் முன்னே நடந்த குடும்பங்களே இருந்தன. பார்சன்ஸ் குடும்பம் அதிலொன்று.

1850 செப்டெம்பர் 18 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. தப்பியோடிய அடிமைக்கு இடம் கொடுப்பவருக்கு 1000 டொலர் வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை. அந்த மாதத்திலேயே ஜொஸ்லின் என்ற போதகர், பார்சன்ஸ் சகோதரர்களில் ஒருவரான வில்லியமுக்குக் கடிதம் எழுதினார். தப்பிவந்த ஓர் 'அந்நியரை' அனுப்புவதாகவும், மிகுந்த கவனமும் உடனடி உதவியும் தேவை என்றும் அதில் கேட்டிருந்தார். சட்டம் வந்து பத்து நாள்தான். அப்போதுகூட அந்த வீட்டை நம்பிக் கேட்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதை வாப்பாவிடம் சொன்னபோது, "சட்டத்தை மீறியவர்களை எப்படி மகள் புகழ்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அது என்ன சட்டம்? பிடிபட்டவர் தன் பக்கத்தைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. அவரை எசமானிடம் திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் அதிகாரிக்கு 10 டொலர், விடுவித்தால் 5 டொலர். நீதிக்குப் பாதி விலை வைத்ததைச் சட்டம் என்று மதிக்க என்னால் முடியவில்லை. வாப்பா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. இப்படிக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வட கரோலினாவில் அடிமையாக இருந்த உமர் இப்னு சயீத், 1831 இல் தன் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதிவைத்தார்.

எனக்கு ஒரு குறை உண்டு. சகோதரரில் இன்னொருவரான சாமுவேல் பௌன் பார்சன்ஸ் 1906 இல் மரணித்தபோது, குயின்ஸ் பகுதியில் வேறெவரையும்விட அதிகமான அடிமைகள் விடுதலை பெற உதவியவர் என்று பத்திரிகையில் போட்டார்கள். நல்லது. ஆனால் ஒளிந்திருக்கும் மனிதருக்குச் சோறு வேண்டும், உடுப்பு வேண்டும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும். இவற்றை ஆண்கள் மட்டுமா செய்திருப்பார்கள்? அடுப்படியில் நின்றவர்கள் வாய் திறந்திருந்தால் அன்றே எல்லாம் கெட்டிருக்கும். அவர்களைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரியாவது வேண்டாமா? பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையிலாவது இதைக் கேட்காவிட்டால் வேறெங்கே கேட்பது?

ஜொஸ்லின் அனுப்பிய அந்த மனிதரின் பெயரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெயரை எழுதினால் ஆபத்து, அது விளங்குகிறது. ஆனால் மரங்களின் கணக்கு மட்டும் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது! 1847 இல் சாமுவேல் பௌன் பார்சன்ஸ் பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்த சிறு கொப்பு, கிளைகள் தரைவரை தொங்கும் பீச் மரமாகி, சுமார் 60 அடி உயர்ந்தது. 1966 இல் நகரம் அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1998 இல் அது பட்டுப்போனது. அதன் கிளைகள் மண்ணைத் தொட்ட இடங்களில் வேர்விட்ட கன்றுகள் சுற்றிவர வளர்ந்து நின்றன. ஜொஸ்லினின் கடிதமோ பௌன் வீட்டு ஆவணங்களோடு இருக்கிறது.