செத்த காரணமும் சாகாத பழக்கமும்

தில்லியின் ஜனவரி விடியலில் பல்கலைக்கழகக் குடியிருப்புகளில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது. சாவி திருகப்படுகிறது, கார் உறுமத் தொடங்குகிறது, உரிமையாளர் வீட்டுக்குள் திரும்பித் தேநீர் அருந்துகிறார். பத்து நிமிடம் கழித்தே வண்டி நகர்கிறது. 'என்ஜின் சூடாக வேண்டும்' என்பது சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் செத்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது.

ஒரு காலத்தில் அது மெய்யே. அம்பாசடரிலும் பத்மினியிலும் 1983இல் வந்த மாருதி 800இலும் கார்புரேட்டர் இருந்தது. குளிரில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது. சோக்கை இழுத்துவிட்டுக் காத்திராவிட்டால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் விடைபெற்றது. இன்று உணரிகள் வெப்பநிலையை அளக்கின்றன. கணினி எரிபொருளைக் கணக்கிட்டு உட்செலுத்துகிறது. காத்திருக்க வேண்டிய தேவை அத்துடன் தீர்ந்தது.

தேவையில்லை என்பதோடு முடியவில்லை, கேடும் உண்டு. குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி பெட்ரோலைக் கூடுதலாகத் தருகிறது. நின்றபடி ஓடும் என்ஜினுக்குச் சுமை இல்லாததால் அது மெல்லவே சூடேறுகிறது. ஆகவே அந்தக் கூடுதல் ஊட்டமும் நீள்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவி, அடியிலுள்ள ஆயிலோடும் கலக்கிறது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் சரிவர வேலைசெய்யத் தொடங்கும். அதுவரை வெளிவருவது கழுவாத புகை. கியர்ப்பெட்டியும் டயரும் ஓடினாலன்றிச் சூடாவதில்லை. அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டுவதே என்ஜினுக்குச் செய்யும் உண்மையான பராமரிப்பு.

'ஆனால் குளிர்?' என்று கேட்பார்கள். 5டபிள்யூ வகை ஆயில் மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கப்படுவது. தில்லியின் கடுங்குளிரும் சுழியத்துக்கு மேலேதான் பெரும்பாலும் நிற்கிறது. லடாக்கின் கதை வேறு: அங்கே டீசலே உறைந்து மெழுகாகும். அதற்கென்றே இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. லடாக்கின் நியாயத்தைத் தில்லி கடன் வாங்க முடியாது.

காரணம் போன பின்னும் வழக்கு நிற்பது மொழியில் இயல்பு. எண்ணெயும் திரியும் போய்விட்டன. மின்விளக்கைத் தமிழர் இன்றும் 'அணைக்கிறார்கள்'. அந்தச் சொல்லால் எவருக்கும் மூச்சுத் திணறுவதில்லை. இந்தப் பழக்கத்தால் திணறுகிறது. குளிர்கால விடியலில் தில்லியின் காற்று தரையோடு தரையாகத் தேங்கி நிற்கிறது. அதனுள் விடப்படும் புகையைச் சுவாசிப்பவர் தேநீர் அருந்தும் உரிமையாளர் அல்லர். இரவு முழுதும் விழித்த காவலாளி, தெருக் கூட்டும் பெண், செய்தித்தாள் போடும் சிறுவன்.

நகரின் மாசில் இது சிறு பங்கே. வயல் தீயும் கட்டுமானத் தூசியும் இதைவிடப் பெரியவை. அவற்றை ஒருவர் தனியே நிறுத்திவிட முடியாது. இதை நிறுத்தச் சட்டமோ நிதியோ குழுவோ வேண்டா. ஒரு சாவி போதும். காற்று மாசு குறித்த கருத்தரங்குக்குக் கிளம்பும் பேராசிரியரின் கார் வாசலில் பத்து நிமிடம் புகைந்து நிற்குமானால், அவருடைய கட்டுரையை வாசலிலேயே அந்தக் கார் மறுத்துவிடுகிறது.