போயிட்டு வாங்கோ



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அயல் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படம் பார்த்தோம். டோனி கட்லிஃப் 1993இல் எடுத்த 'லாட்சோ ட்ரோம்'. அதில் கதாநாயகன் இல்லை. வசனமும் இல்லையென்றே சொல்லலாம். ராஜஸ்தானில் புறப்பட்டு எகிப்து, துருக்கி, ருமேனியா வழியாக ஸ்பெயின் வரைக்கும் ரோமா மக்கள் நடந்த நெடுவழியைப் பாட்டும் ஆட்டமும் மட்டுமே சொல்கின்றன. கட்லிஃபின் தாய்வழியும் ரோமாதான்.

ஓரிடத்தில் ஒரு மூதாட்டி அவுஷ்விட்ஸ் முகாமை நினைத்துப் பாடுகிறார். 1944 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு, அந்த முகாமில் எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமா, சின்டி மக்களை நாஜிகள் கொன்றார்கள். அந்தப் பாட்டின் மொழி பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் அது முடியும்வரை ஒருவரும் அசையவில்லை.

படம் முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "மாமா, இவங்க திருவிழாவுக்கு வாற பாம்பாட்டி ஆக்களா?"

இல்லை. அவர்கள் வேறு, இவர்கள் வேறு. நாம் 'குறவர்' என்றும் சிங்களவர் 'அஹிகுண்டக' என்றும் அழைக்கும் நம் நாட்டு மக்களின் வீட்டுமொழி தெலுங்கு. மகுடியும் பாம்புக்கூடையும் குரங்குமாக ஊர் ஊராய் அலைந்தவர்களில் பலர் இன்று நிலையாகக் குடியமர்ந்துவிட்டார்கள். நம் கிழக்கிலேயே, அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பை என்ற அவர்களுடைய ஊர் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் கேள்வி பிழையில்லை. இரு கூட்டத்தாரையும் ஊர் பார்க்கும் பார்வை ஒன்றுதான்.

அந்தப் பார்வை எங்கள் வீட்டிலும் இருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது அவர்கள் கூடாரம் அடித்த செய்தி வந்தால், அம்மம்மா முதலில் கிணற்றடி வாளியை உள்ளே எடுத்து வைப்பார். பிறகு எங்களை உள்ளே கூப்பிடுவார். அவர்கள் போன பிறகு ஒரு பொருளும் காணாமற் போனதில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் வாளி உள்ளே போனது. தலை சீவாத பிள்ளையைக் 'குறத்தி மாதிரி' என்று ஏசுவதும், அடம்பிடிக்கும் பிள்ளையைக் 'குறவன் பிடித்துப் போவான்' என்று வெருட்டுவதும் இன்றைக்கும் நம் வீடுகளில் கேட்கின்றன. அதே நாம்தான் வெருகல் கோயிலுக்கு நேர்த்தி வைத்து, முருகன் கைப்பிடித்த குறமகளைக் கும்பிட்டு வருகிறோம்.

நம் சினிமாவும் அவர்களை வேடமாகவே பார்த்துப் பழகியது. 1968இல் 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் குறவன் குறத்தியாக ஆடியபோது நாம் கைதட்டி மகிழ்ந்தோம். பாட்டு முடிந்ததும் பாசிமணியைக் கழற்றி வைத்துவிடலாம். கழற்றி வைக்க முடியாதவர்களின் முகத்தைத்தான் கட்லிஃபின் கமரா நின்று பார்க்கிறது. அவர்கள் நல்லவர்கள் என்று அது வாதாடவில்லை. அவர்கள் பாடி முடிக்கும்வரை காத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

பாலையூற்றுக்காரருக்கு இது விளங்காத காரியமில்லை. பறங்கியர் வீடுகளில் முதியவர்களின் நாவில் தங்கியிருக்கும் போர்த்துக்கீச மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிறு கூட்டத்தின் மொழி ஒவ்வொரு சாவு வீட்டோடும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைவதைக் கண்டவர்கள். அளிக்கம்பையின் தெலுங்கும் அப்படி ஒரு சிறு மொழிதான். அங்கிருந்து யாராவது தம் கதையை, தம் பாட்டை, தம் சொற்களில் எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்தையே அவர்களுக்கு ஒதுக்கித் தருவேன். வாசகர்களே, அவர்களை அறிந்தவர்கள் இதைச் சொல்லிவிடுங்கள்.

'லாட்சோ ட்ரோம்' என்றால் வழி நல்லதாக அமையட்டும் என்று பொருள். வழியனுப்ப நம்மிடமும் ஒரு சொல் உண்டு. வாசலில் நின்று 'போயிட்டு வாங்கோ' என்கிறோம். நம் முற்றத்துக்கு வந்த அந்த மக்களுக்கு இதுவரை அந்தச் சொல்லில் முதற்பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். மறுபாதியையும் இனிச் சொல்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்