மரத்தில் தொங்கும் வில்லாளிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் எபர்ஹார்ட், இடுப்பில் வார் கட்டி மரத்தில் தொங்கியபடியே பல்லாண்டுகளாக வில்லால் மான் வேட்டையாடியவர். நெடுங்காலம் சிலர் மட்டுமே பின்பற்றிய இந்த ‘சேடில்’ முறையை, இன்று முதன்முறை வில்லெடுப்பவர்களும் நாடுகிறார்கள்.

காரணம் உண்டு. தொடையையும் இடுப்பையும் தாங்கும் துணி இருக்கை, அதை மரத்தோடு பிணைக்கும் கயிறு, கால் வைக்க ஒரு சிறு மேடை, ஏறுவதற்குச் சில படிக்கட்டைகள்: எல்லாம் முதுகுப்பையில் அடங்கிவிடும். பொதுநிலக் காடுகளில் நினைத்த மரத்தில் ஏறலாம். வேட்டைக்காரர் மரத்தைப் பார்த்தபடி சாய்ந்திருப்பதால், வெண்வால் மானின் கண்ணுக்கு அவரை அடிமரமே மறைக்கிறது.

ஆனால் புதியவர்கள் முதல் நாளே 20 அடி உயரத்துக்கு ஆசைப்படுவது அசட்டுத் துணிச்சல்.

மரத்திலிருந்து விழுவதே அந்நாட்டு வேட்டைக்காரர்கள் காயமடைவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஏறும்போதும் இறங்கும்போதும் மரத்தைச் சுற்றிய கயிறு இடுப்பில் இருந்தே ஆக வேண்டும். கயிறு தளர்ந்து தொங்கினால் சறுக்கும்போது உடல் வெடுக்கென இழுபடும். இடுப்பு வலிக்கும், முட்டி மரத்தில் உரசும் (முட்டிக்கவசம் வாங்குவது வீண்செலவல்ல). வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் வரும் மானைக் குறிவைக்க உடலையே திருப்பியாக வேண்டும். அதைக் காட்டில் போய்க் கற்க முடியாது.

மிச்சிகனில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குமுன் ஒரு கோடைக்காலம் முழுவதும் கொல்லைப்புற மரத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கிப் பழகலாம்.