தபலாவை நிறுத்தினேன், கீபோர்டை நிறுத்தவில்லை

இந்தத் தாளில் ஓர் அமெரிக்க இசைக்குழுவைப் பற்றி எழுதப் போகிறேன். “நமக்கு எதுக்குடா இது?” என்று நகர்ந்து விடாதீர்கள். கடைசியில் நம் ஆண்டு விழாவுக்குத்தான் வருவேன்.

குழுவின் பெயர் ஸ்டீலி டான். டொனால்ட் ஃபேகன், வால்டர் பெக்கர் என்ற இருவரும் 1967-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பார்ட் கல்லூரியில் சந்தித்தார்கள். இருவருக்கும் ஜாஸ் என்றால் உயிர். ஆனால் அவர்கள் ஆரம்பித்ததோ ராக் குழு. 1972-இல் முதல் ஆல்பம் வந்தது. கேட்டால் ராக் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஓடுவது ஜாஸ். 1974 ஆல்பத்தில் டியூக் எலிங்டனின் பழைய ஜாஸ் இசை ஒன்றையே எடுத்து, டிரம்பெட் வாசித்ததைக் கிட்டாரில் வாசித்தார்கள்.

கீபோர்டு தெரிந்தவர்கள் இதைச் செய்து பாருங்கள். சி, ஈ, ஜி மூன்று கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் சாதாரண மேஜர் கார்டு. அதோடு டி-யையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்ன உரசல் கேட்கும், ஆனால் இனிமையாக இருக்கும். இதற்கு அவர்கள் ‘மியூ மேஜர்’ என்று பெயரே வைத்திருந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் மேல் ஒரு குறை சொல்வார்கள்: சொந்தக் குழுவினரையே ஓரம் கட்டியவர்கள் என்று. அது உண்மைதான். முதல் இரண்டு ஆல்பங்களில் டிரம்ஸ் வாசித்தவர் ஜிம் ஹாடர். மூன்றாவது ஆல்பத்தில் டிரம்ஸுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். 1974-க்குப் பிறகு மேடைக் கச்சேரிகளையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பொருத்தமோ அவரை அழைத்துப் பதிவு செய்தார்கள். 1977-இல் வந்த ‘ஏஜா’ ஆல்பத்தில் ‘பெக்’ என்ற பாட்டின் கிட்டார் சோலோவைப் பலர் வாசித்துப் பார்த்தார்கள். கடைசியில் வைத்துக்கொண்டது ஜே கிரேடன் வாசித்ததை மட்டும்.

“என்ன திமிர்!” என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். பெக்கர்தான் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர். ‘ஏஜா’வில் மொத்தம் ஏழு பாடல்கள். அதில் ஆறு பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் சக் ரெய்னி. பெக்கர் வாசித்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்! ஃபேகனும் அப்படியே. தன் குரலில் நம்பிக்கை இல்லாமல், முதல் ஆல்பத்தில் டேவிட் பால்மர் என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டார். அடுத்தவருக்கு வைத்த அளவுகோலைத் தங்களுக்கும் வைத்தார்கள். வள்ளுவர் சொல்வதும் இதைத்தானே? முதலில் உன் குற்றத்தைப் பார், பிறகு அடுத்தவன் குற்றத்தைப் பார் என்று!

இனி என் கதை. போன ஆண்டு விழாவில் நம் இசைக்குழுவுக்கு நான்தான் தலைவன். தபலா வாசித்த நண்பனுக்குத் தாளம் ஓடுகிறது என்று சொல்லி, விழாவுக்கு நான்கு நாள் முன்பு அவனை நிறுத்தினேன். கீபோர்டில் இருக்கும் ரிதத்தைப் போட்டுச் சமாளித்தோம். “பாட்டு நல்லா வரணும்ல” என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். விழா அன்று என் கீபோர்டு ஸ்டாண்டை மேடைக்குத் தூக்கி வந்தவனே அவன்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவின் செல்போனில் அந்தப் பதிவைக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் மூன்று இடத்தில் தப்பு. மூன்றும் என் விரல்! ஒத்திகையிலும் அதே இடத்தில்தான் தவறியது. நான் தலைவன் என்பதால் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை விட நன்றாக வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் கீழே உட்கார்ந்து கைதட்டிக் கொண்டிருந்தான்.

ஆகவே என் கருத்து இது. தரம் பார்ப்பது தப்பில்லை. ஆனால் தரம் பார்ப்பவன் தன்னையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். இன்னொன்று, ஸ்டீலி டான் நடத்தியது தொழில். வந்து வாசித்தவர்கள் எல்லாம் தேர்ந்த கலைஞர்கள். இது பள்ளிக்கூடம், நாம் கற்றுக்கொள்ள வந்தவர்கள். தாளம் ஓடினால் நான்கு நாள் கூட உட்கார்ந்து சரி செய்யலாம். நான் அதைச் செய்யவில்லை.

இந்த ஆண்டு ஒத்திகையில் எல்லோரும் திரைக்குப் பின்னால் இருந்து வாசிப்போம், தலைவனும்தான். யார் என்று தெரியாமல் மற்றவர்கள் கேட்டுச் சொல்லட்டும். குறை இருப்பவருக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுப்போம். இசை ஆசிரியர் அவர்கள் இதை அனுமதிக்க வேண்டுகிறேன்.

தபலா நண்பா, உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. மன்னிச்சிடுடா. இந்த முறை முதல் ஆளாக வா.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த தாளில் கட்டாயம் எழுதுங்கள்!

– கீபோர்டுக்காரன், 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு